மூன்றடி வழி

“கெழக்க பாத்து நில்லுங்க. எனக்கு முதுகு காட்டுறோமேன்னு சங்கடப்படாதீங்க. நல்லாத் திரும்பி நில்லுங்க.”

செபஸ்தியான் சொன்னதும் வேப்பமரத்தடியில் நிற்கும் நான்கு பேரும் கிழக்கே திரும்புகிறார்கள். நிலத்தை விற்கிறவர், வாங்குகிறவர், சாட்சிகள் இருவர். செபஸ்தியான் பத்திர எழுத்தர். எழுதி முடித்த பத்திரத்தைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு எல்லைகளைப் படிக்கிறார்.

“கெழக்கால கருப்பணன் புஞ்சை. இருக்கா?”

விற்கிறவர் மனதுக்குள்ளேயே தன் நிலத்துக்குப் போய் நின்று பார்த்துவிட்டு, “இருக்கு” என்கிறார்.

“தெக்க திரும்புங்க. தெக்க ஓடை. இருக்கா?”

“ஓடையில தண்ணிதான் இல்ல.”

“தண்ணிய நான் எழுதல. ஓடை இருக்கா?”

இப்படி நான்கு திசையும் திரும்பி ஒரு சுற்று முடிய வேண்டும். திண்டுக்கல்லில் பத்திரம் பதியும் அலுவலகத்துக்கு எதிர்ச் சந்து அது. எதிரே உள்ள டீக்கடைக்குப் புதிதாக வருகிறவர்கள், இது ஏதோ நேர்த்திக்கடன் போலிருக்கிறது என்று டம்ளரை இறக்கிவிட்டுப் பார்ப்பார்கள். சுற்று முடிந்த பிறகும் செபஸ்தியான் விடமாட்டார். “எழுதச் சொன்னது எதும் விட்டுப்போச்சா? யோசிச்சுச் சொல்லுங்க. செத்த நேரம் ஆனாலும் ஒண்ணுமில்ல” என்பார். அதைக் கேட்கும்போது அவர் பார்வை பேசிக்கொண்டிருப்பவர் மேல் இருக்காது. கூட்டத்தில் பின்னால் ஒதுங்கி நிற்கிற ஆள் மேல் இருக்கும். அது பெரும்பாலும் ஒரு பெண்ணாக இருக்கும்.

மற்ற எழுத்தர்கள் இந்த நேரத்தில் இரண்டு பத்திரம் முடித்துவிடுவார்கள்.

ஐம்பத்தெட்டு வயது. வெள்ளை வேட்டி, முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை. நாளெல்லாம் மையோடு புழங்குகிறவர் உடம்பில் ஒரு சொட்டுக் கறையைப் பார்க்க முடியாது. வேப்பமரம்தான் அந்தக் கறையையெல்லாம் வாங்கிக்கொள்கிறது. உள்ளே போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வெளியே வருகிற அத்தனை பேரும் கட்டைவிரல் மையை அந்த மரத்தில்தான் தேய்க்கிறார்கள். மார்பளவு உயரத்தில் அடிமரத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை, எண்ணெய்ப் பிசுக்கோடு மின்னும்.

அவர் எழுதிக் கொடுப்பதைத் தட்டச்சு செய்கிறவர் பக்கத்துக் கடைக் கமர்ஜஹான். இருபது வருடமாகப் பக்கத்துப் பக்கத்துக் கடை. இரண்டு வருடத்துக்கு முன்னால் தட்டச்சு மிஷினைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கினார். செபஸ்தியானைக் கேலி செய்ய ஊரிலேயே உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான்.

“மத்தவுக எல்லாம் பத்திரம் எழுதிப் பேரு வாங்குறாக. நீங்க ஒரு ஆளுதாண்ணே, மன்னிப்புக் கேட்டே பேரு வாங்குறீக.”

அது உண்மைதான். பிழை எல்லோருக்கும் வரும். செபஸ்தியானுக்கும் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வந்துவிடும். ஒருமுறை செம்பட்டிக்காரர் ஒருவருக்குக் கிணற்றில் நான்கில் ஒரு பங்கு என்று எழுத வேண்டியதை மூன்றில் ஒரு பங்கு என்று எழுதிவிட்டார். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது அது நினைவுக்கு வந்தது. ஈரக் கையோடு பஸ் ஏறிப் போய் அவர் வீட்டு வாசலில் நின்றார்.

“நான் எழுதுன பத்திரத்துல தப்பு இருக்கு. நான்தான் பண்ணேன். திருத்திக் குடுக்க வந்திருக்கேன்.”

“அட, நாங்க இன்னும் பீரோவுல இருந்து எடுக்கவே இல்லையேப்பா.”

“நீங்க எடுக்குறதுக்கு முந்தி வரணும்னுதான் வந்தேன்.”

தப்பைப் பற்றி அந்த மூன்று வாக்கியத்துக்கு மேல் அவர் பேசுவதில்லை. அன்று காய்ச்சல், அன்று கூட்டம், அன்று கரண்ட் இல்லை என்று எதையும் சேர்க்கமாட்டார். பிழை திருத்தும் வரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். திருத்தல் பத்திரத்தில் எல்லோரும் வழக்கமாக ‘கைத்தவறுதலாக’ என்றோ ‘தட்டச்சுப் பிழையால்’ என்றோ எழுதுகிற இடத்தில், ‘இப்பத்திரம் எழுதிய செபஸ்தியான் ஆகிய என் கவனக்குறைவால்’ என்று எழுதுவார். அதைப் படித்துவிட்டு ஓர் அதிகாரி, “இப்படி யாரும் எழுதுறதில்லையே” என்று சிரித்திருக்கிறார்.

“தட்டச்சு பண்ணுற அம்மா மேல ஏன் போடணும்ங்கய்யா? அவுக நான் குடுத்ததத்தான் அடிச்சாக” என்றார் செபஸ்தியான். கமர்ஜஹான் அதைக் கேட்டுவிட்டு அன்று முழுதும் கேலி பண்ணவில்லை.

அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தினக்காலண்டர்த் தாள் இருக்கிறது. 1993, ஆவணி, முகூர்த்த நாள். தாளின் பின்பக்கம்தான் மேலே தெரியும்படி வைத்திருக்கிறது. அதில் அவர் கையெழுத்தில், ‘தாயார் சமாதி. வழி. மறக்கக் கூடாது’ என்று எழுதி, கடைசி இரண்டு வார்த்தைகளுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறது. வருகிறவர்கள் தங்களுக்குத்தான் ஏதோ அறிவிப்பு என்று குனிந்து படிப்பார்கள். “அது அண்ணன் தனக்கு எழுதிக்கிட்டது. நீங்க ரேஷன் கார்டை எடுங்க” என்பார் கமர்ஜஹான்.

அந்த ஆவணி மாதத்தில் மாயம்மாள் என்றொரு பெண் தன் அண்ணன் மலைச்சாமியோடு வந்திருந்தார். செம்பட்டி போகிற வழியில் தோட்டம். அண்ணனும் தங்கையும் அதற்கு வாரிசு. ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே கட்டிக்கொடுத்துவிட்ட தங்கை, தன் பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுத வந்திருந்தார். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர.

“எங்கம்மாவ அந்தத் தோட்டத்து மூலையிலதானுங்க வச்சிருக்குது. நான் வந்து போக ஒரு வழி மட்டும் எழுதிருங்க.”

“எழுதிருவோம் தாயி” என்றார் செபஸ்தியான். காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துக் குறித்தும் கொண்டார். அன்று அவரிடம் பதினோரு பத்திரங்கள். முந்தைய விடுதலைப் பத்திரம் ஒன்றை மாதிரியாக வைத்துக்கொண்டு கையால் மளமளவென்று எழுதினார். டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். நடந்துகொண்டே படித்துக் காட்டினார். மாயம்மாள் கேட்டாரோ இல்லையோ, நம்பினார். கைநாட்டு வைத்தார். வேப்பமரத்தில் விரலைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

ஆறு வருடம் எதுவும் தெரியவில்லை. அண்ணன் தோட்டம், அண்ணன் வரப்பு. ஆடி அமாவாசைக்கு அமாவாசை மாயம்மாள் வந்து தேங்காய் உடைத்துவிட்டுப் போனார். 1999இல் அண்ணன் தோட்டத்தை விற்றுவிட்டுத் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார். வாங்கியவர் திராட்சைக் கொடி போட்டு, சுற்றிலும் கம்பிவேலி அடித்து, இரும்புக் கதவு வைத்துப் பூட்டினார். அந்த வருட ஆடி அமாவாசைக்குத் தட்டோடு வந்த மாயம்மாளிடம் காவல்காரர், “பாத்தியம் இருந்தாப் பத்திரத்தக் காட்டும்மா” என்றார்.

மாயம்மாள் நேராகத் திண்டுக்கல்லுக்கு வந்தார். பிளாஸ்டிக் பையிலிருந்து பத்திர நகலை எடுத்துச் செபஸ்தியான் மேசைமேல் வைத்தார்.

“என் வழி இதுல எந்தப் பக்கமா இருக்குதுன்னு படிச்சுக் காட்டுங்க. நான் போய்ச் சொல்லிப்போடறேன்.”

செபஸ்தியான் முதல் வரியிலிருந்து படித்தார். இரண்டாம் பக்கம் பாதியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. ‘இனிமேல் மேற்படி சொத்தில் எனக்கு யாதொரு பாத்தியமும், சம்பந்தமும், பின்தொடர்ச்சியும் கிடையாது’ என்று அவர் எழுதியதை அவரே அந்த அம்மாளிடம் படித்துக் காட்டினார். கடைசி வரியும் முடிந்தது. மாயம்மாள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“தாயி, வழி எழுதாம விட்டுப்போச்சு” என்றார் செபஸ்தியான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “அன்னைக்கு முகூர்த்த நாளு. கூட்டம் நெரிச்சிருச்சு.”

“முகூர்த்தம்னுதானுங்க நானும் அன்னைக்கு வந்தேன்.”

குரல் ஏறவில்லை. நகலைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்தார் மாயம்மாள். “சரிங்க” என்றார். போய்விட்டார்.

திட்டியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் செபஸ்தியான் வாங்கிக்கொண்டிருப்பார். அந்தச் ‘சரிங்க’வை அவரால் எங்கும் இறக்கிவைக்க முடியவில்லை. பழைய கட்டுகளைப் பிரித்து அந்தக் காலண்டர்த் தாளைத் தேடி எடுத்தது அன்று சாயங்காலம்தான். அதைவிட அவரை அறுத்தது, தான் சொன்ன அந்த ஒரு சாக்கு. திரும்ப ஒருமுறை அந்த அம்மாள் எதிரே வந்து உட்கார்ந்தால், கூட்டத்தைப் பற்றிப் பேசாமல், சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லிவிடுவார். ஒட்டன்சத்திரம் போகிற பஸ் சந்து முனையில் திரும்பும்போதெல்லாம் அவர் பேனா சற்று நிற்பதைக் கமர்ஜஹான் பார்த்திருக்கிறார்.

“ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்தாத்தான் என்னண்ணே?”

“கையில எதை எடுத்துக்கிட்டுப் போறது?”

எடுத்துக்கொண்டு போக வேண்டியது தோட்டத்தை வாங்கிய ராயப்பராஜிடம் இருந்தது. இரும்புக்கடைக்காரர். செபஸ்தியான் போகிற மாதா கோயிலுக்கே வருகிறவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வருவார்கள். அங்கே வைத்துச் செபஸ்தியான் இதைக் கேட்டதே இல்லை. வருடத்துக்கு ஒரு நாள், ஆடி அமாவாசை காலையில், கடைக்குப் போய்க் கேட்பார்.

முதல் வருடம் ராயப்பராஜ் சிரித்தார். “அந்த வழி பத்திரத்துல இருந்திருந்தா நான் அந்தத் தோட்டத்த வாங்கியே இருக்கமாட்டேனே, செபஸ்தி.”

“தெரியும். அதனால ஒங்கிட்டயும் ஒரு மன்னிப்புக் கேக்கணும்.”

“எங்கிட்ட எதுக்குய்யா?”

“வாங்குறப்ப ஒனக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய சங்கதி தெரியாமப் போச்சு. அது நான் பண்ணது.”

ராயப்பராஜ் அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டார். ஆனால் வழியைக் கொடுக்கவில்லை. அடுத்த வருடம், “வந்தா விடச்சொல்லிக் காவக்காரன்கிட்டச் சொல்றேன், எழுத்தெல்லாம் எதுக்கு?” என்றார். “எழுத்து இல்லாமத்தான் ஆறு வருசம் வந்துச்சு அந்தம்மா” என்றார் செபஸ்தியான். மூன்றாம் வருடம், அவர் வருவதைத் தூரத்தில் பார்த்ததுமே ராயப்பராஜ் குடோனுக்குள் போய்விட்டார். செபஸ்தியான் அரைமணி நேரம் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினார்.

நான்காம் வருடம் ராயப்பராஜ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“ஒண்ணு கேக்குறேன். வாராவாரம் கோயில்ல பாக்குற. அங்க ஒருநாள் கூட இதப் பத்தி வாயத் தொறந்ததில்ல. ஏன்?”

“சாமி முன்னால கேட்டா ஒனக்கு இல்லன்னு சொல்ல முடியாது. இல்லன்னு சொல்றதுக்கு ஒனக்கு எடம் வேணும்ல?”

ராயப்பராஜ் எடைக்கற்களை வரிசையாக அடுக்கி வைத்தார். பிறகு, “எம்புட்டு அகலம் வேணும்?” என்றார்.

“ஒரு ஆளு தட்டோட போற அகலம்.”

“மூணடி. வேலிய ஒட்டி. கொடிக்கு மருந்தடிக்கிற அன்னைக்கு மட்டும் உள்ள வரக் கூடாது. அதையும் எழுதிக்க, பெறகு விட்டுப்போச்சும்ப.”

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை செபஸ்தியான் ஒட்டன்சத்திரத்துக்குப் பஸ் ஏறினார். மாயம்மாள் வீட்டு முன்னால் சாக்கு விரித்து முருங்கைக்காயைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நான்கு வருடத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தவர், “பத்திரக்காரருங்களா?” என்றார். வேறு எதுவும் கேட்காமல் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

“இருக்கட்டும் தாயி, வந்த வேல முடியட்டும்” என்றார் செபஸ்தியான், வழக்கம்போல.

சொம்பு அந்தரத்தில் நின்றது.

“எங்கூட்டுத் தண்ணி ஆகாதுங்களா?”

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று செபஸ்தியானுக்குப் புரிந்தது. இத்தனை வருடமாகத் தண்ணீர் மறுப்பதை அவர் தன் நாணயம் என்று நினைத்திருந்தார். எதிரே சொம்போடு நிற்கிறவருக்கு அது எப்படிப் படும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இரண்டு கையாலும் வாங்கினார். மடமடவென்று குடித்ததில் பாதி சட்டையில் வழிந்தது. அந்த ஈரத்தோடு நின்றபடியே சொன்னார்.

“தாயி, அன்னைக்கு நான் கூட்டம்னு சொன்னேன். கூட்டம் ஒண்ணும் பண்ணல. நீங்க கேட்டத நான் மறந்தேன். தப்பு என்னோடது.”

மாயம்மாள் உட்கார்ந்து, விட்ட கட்டை எடுத்து நாரைச் சுற்றினார். முடிச்சுப் போட்டார். அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

“இப்ப வழி கெடைச்சிருக்கு. எழுதிப் பதிஞ்சு தாறேன். நீங்க ஒரு நாளு வரணும்.”

கை நின்றது. “எந்தப் பக்கமுங்க?”

“வடக்கால. வேலிய ஒட்டி.”

“கொடி தொங்குமுங்களா? குனிஞ்சு போகோணுமா?”

“வேண்டாம் தாயி. நிமிந்தே போகலாம். பந்தல் ரெண்டடி தள்ளித்தான் ஆரம்பிக்குது. நான் போய் நின்னு பாத்துட்டேன்.”

மாயம்மாள் தலையை ஆட்டிக்கொண்டார். வேறு ஏதாவது சொல்வார் என்று செபஸ்தியான் காத்திருந்தார். அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அந்த அம்மாள்தான் நினைவுபடுத்தினார்.

பதிவு அன்று மாயம்மாள் ஒயர்க்கூடையில் தேங்காய், பழம், சூடம் எல்லாம் எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். அது அமாவாசையும் இல்லை, திதியும் இல்லை. ராயப்பராஜ், மாயம்மாள், சாட்சிகளுக்குக் கமர்ஜஹானும் டீக்கடைக்காரரும். செபஸ்தியான் எல்லோரையும் திருப்பி நிறுத்திப் படித்தார். “வடக்க பாத்து நில்லுங்க. மூணடி அகலம், கிழமேலா வழிநடைப் பாத்தியம். இருக்கா தாயி?”

“இருக்குதுங்க.”

“எழுதச் சொன்னது எதும் விட்டுப்போச்சா?”

மாயம்மாள் யோசித்தார். டீக்கடையில் இரண்டு டம்ளர் கழுவி வைக்கிற நேரம் யோசித்தார். செபஸ்தியான் தாளைப் பிடித்தபடி நின்றார். “இல்லீங்க” என்றார் அந்த அம்மாள் கடைசியில்.

உள்ளே போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வந்ததும், எல்லோரும் வேப்பமரத்தில் விரலைத் தேய்த்தார்கள். மாயம்மாள் தேய்க்கவில்லை. கறுத்த கட்டைவிரலைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தொடைச்சுக்கங்கம்மா, சேலையெல்லாம் ஆகிரும்” என்றார் கமர்ஜஹான்.

“எங்கம்மாட்டக் காட்டிப்போட்டுத் தொடைச்சுக்கறனுங்க.”

ராயப்பராஜ் மாற்றுச்சாவியைச் செபஸ்தியானிடம் கொடுத்தார். அன்று கடையில் இன்னும் மூன்று பத்திரம் காத்திருந்தது. “நீங்க போங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்” என்று கமர்ஜஹான் அவரைப் பார்க்காமலே சொன்னார்.

செம்பட்டி பஸ்ஸில் மாயம்மாள் வலதுகையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடதுகை விரலை மடியில் நிமிர்த்தி வைத்திருந்தார். பின் சீட்டில் செபஸ்தியான் ஒயர்க்கூடையோடு உட்கார்ந்திருந்தார். ஒருமுறை அந்த அம்மாள் திரும்பி, இந்தப் பக்கம் மழை உண்டா என்று கேட்டார். போன வாரம் ஒரு தூறல் என்றார் அவர். அவ்வளவுதான் பேச்சு. ஏதாவது ஒரு வார்த்தை வரும் என்று அவர் இறங்குகிற வரைக்கும் அந்த நரைத்த பின்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கதவில் தொங்கியது கனத்த பூட்டு. இரண்டு திருப்பில் திறந்தது. மாயம்மாள் கூடையை வாங்கிக்கொண்டார்.

“வந்தர்றனுங்க.”

வேலியை ஒட்டி நிமிர்ந்தே நடந்து போனார். செபஸ்தியான் உள்ளே போகவில்லை. பத்திரத்தில் அவர் பெயருக்கு வழி இல்லை. கொடிப் பந்தலுக்கு அப்பால் மூலையில் அந்த அம்மாள் உட்காருவது தெரிந்தது. பிறகு முதுகு மட்டும்தான் தெரிந்தது.

இரும்புக் கதவு விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும் வாட்டத்தில் இருந்தது. அதை நிறுத்திவைப்பதற்கென்றே ஒரு கருங்கல் பக்கத்தில் கிடந்தது. செபஸ்தியான் கல்லைப் பார்த்தார். அதைத் தொடாமல், வலதுகையால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அந்த அம்மாள் எழுந்து வருகிற வரைக்கும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.